உள்ளே ஓயாத பேச்சும் மூச்சை எண்ணும் வேலையும்

புத்தரின் போதனைத் தொகுப்புகளில் ஒன்றான சங்யுத்த நிகாயத்தில் அவருடைய சீடர் மொக்கல்லான தேரர் சக துறவிகளிடம் ஒரு விஷயம் சொல்கிறார். உயர்ந்த மௌனம் என்கிறார்களே, அது எது என்று தனித்திருக்கும்போது அவருக்கு ஒரு கேள்வி எழுந்ததாம். பதிலும் அவரிடமே கிடைக்கிறது: விதக்கமும் விசாரமும் ஓய்ந்துபோன இரண்டாம் தியான நிலைதான் அது. மனம் ஒன்றை எடுத்துப் பிடிப்பது விதக்கம். பிடித்ததையே சுற்றிச்சுற்றி உரசிக்கொண்டிருப்பது விசாரம். இன்னொரு தொகுப்பான மஜ்ஜிம நிகாயத்தில் தம்மதின்னா என்ற பிக்குணி இதை இன்னும் பச்சையாகச் சொல்லிவிடுகிறார். முதலில் உள்ளே எடுத்துப் பிடித்து உரசுகிறோம், பிறகுதான் வாய் திறக்கிறது, ஆகவே இந்த இரண்டுமே பேச்சை உண்டாக்குகின்றன என்கிறார். வாயை மூடினால் கடைசிக் கட்டம் மட்டும் நிற்கும். முந்திய இரண்டும் உள்ளே நடந்தபடியேதான் இருக்கும்.

இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. தியானம் பழக வருகிறவர்களில் அநேகர் பத்து நிமிடம் கண்ணை மூடி இருந்துவிட்டு, "எண்ணம் நிற்குதில்லையே, இது எனக்குச் சரிவராது" என்று எழும்பிப் போய்விடுகிறார்கள். அவர்கள் முதல் நாளே எதிர்பார்த்தது இரண்டாம் தியானத்தை! முதல் மாதத்தில் கிடைக்கக்கூடியது அதைவிடச் சின்னது: உள்ளே பேச்சு ஓடுகிறது என்று தெரியவரும், அது எங்கே தொடங்கியது என்று பிடிபடும், கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறையும். வேகத்தைக் குறைப்பதற்கு முறை இருக்கிறது. நிறுத்துவதற்கென்று தனி முறை எதுவும் கிடையாது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் இருந்துகொண்டு பௌத்த தியானம் பற்றித் தமிழில் எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள். காரணம் தெரிந்ததுதான். எங்கள் பகுதியில் பௌத்தம் என்ற பேர் காணிப் பிரச்சினையோடு சேர்ந்தே காதில் விழுகிறது. அந்தக் கோபத்தை யாரும் விடவேண்டியதில்லை, ஆனால் மூச்சைக் கவனிப்பதை அதற்குள் இழுக்கவும் வேண்டாம். வைகாசியில் கண்ணகிக்குக் குளிர்த்தி பாடுகிற ஊர்கள் இவை. அந்தக் கதையின் தொடர்ச்சியில் மாதவியின் மகள் புத்தர் வழியில்தான் துறவு பூணுகிறாள். மூச்சை எண்ணும் முறையை விரிவாக எழுதிவைத்த புத்தகோசர் ஐந்தாம் நூற்றாண்டில் அநுராதபுரம் மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் என்ற பயிற்சி நூலை எழுதியவர். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததை வேறொரு உரையின் முடிவில் அவரே குறிப்பிடுகிறார். பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்து பாயில் இருக்கலாம், ஒன்றும் முட்டாது.

இனி இடமும் நேரமும். விடியப்புறம் நாலரைக்கும் ஐந்தரைக்கும் இடைப்பட்ட நேரம் நல்லது. கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் பத்து மணிக்கு மேல் சீற் போட்ட வீட்டுக்குள் இருக்க முடியாது. வேர்வை கழுத்தில் ஓட ஓட மூச்சைத் தேடுவது வீண் தண்டனை. மாரியில் நுளம்புத் தொல்லை. நுளம்புத்திரி கொளுத்திவைத்தால் புகை மூக்கை அரிக்கும், கவனமெல்லாம் அரிப்பிலேயே போகும். வலைக்குள் பாயைப் போட்டு இருங்கள். மின்விசிறி முகத்துக்கு நேரே சுழலக் கூடாது. மேலுதட்டில் மூச்சுப் படுவது மெல்லிய தொடுகை, காற்று அடித்தால் அது தெரியாது. விசிறியை முதுகுப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

இருக்கும் முறையில்தான் பாதிப் பேர் தோற்கிறார்கள், பழியை மனதின்மேல் போடுகிறார்கள். வெறும் பாயில் சப்பாணி கட்டினால் இடுப்பு பின்னால் சரியும், முதுகு வளையும், பத்தாவது நிமிடத்தில் தோள்பட்டை இழுக்கத் தொடங்கும். பழைய பெட்சீற் ஒன்றையோ இரண்டு சாரத்தையோ இறுக்கமாக மடித்து அடியில் வையுங்கள். உட்கார்ந்த பிறகும் இடுப்பு முழங்காலைவிட நாலு அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். தலையணை வேண்டாம், அது அமுங்கிப் போய்விடும். முழங்கால் இரண்டும் பாயில் படவேண்டும், ஒன்று தூக்கி நின்றால் அதற்கடியில் துவாயைச் சுருட்டிக் கொடுங்கள். நிலத்தில் இருக்க முடியாதவர்களுக்குக் கதிரை தாராளமாகப் போதும். ஆனால் வீடுகளில் இருக்கிற பிளாஸ்டிக் கதிரையின் இருக்கை பின்பக்கமாகச் சரிந்திருக்கும். மடித்த சாரத்தை அந்தப் பின்பாதியில் வைத்து மட்டமாக்கிவிட்டு, முதுகைச் சாய்க்காமல், பாதம் இரண்டையும் நிலத்தில் ஊன்றி இருங்கள்.

கால் விறைப்பது நரம்பு அழுந்துவதால். நீட்டிவிட்டால் இரண்டொரு நிமிடத்தில் போய்விடும். விறைத்த காலோடு சட்டென்று எழும்பினால் கணுக்கால் மடிந்து விழுவீர்கள், அவ்வளவுதான் ஆபத்து. முழங்கால் மூட்டுக்குள் குத்துகிற வலி வேறு. அதைப் பொறுத்துக்கொண்டிருப்பது வீரம் கிடையாது, உடனே நிலையை மாற்றுங்கள்.

முதல் இரண்டு வாரம் காலையில் பத்து நிமிடம், பின்னேரம் பத்து நிமிடம். பிறகு இருபது. ஒரு மாதம் தாண்டினால் அரை மணித்தியாலம். வாரம் முழுக்க விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் இருப்பதால் முழங்கால் நோவதைத் தவிர வேறு பலன் இல்லை. போனில் அலாரம் வைத்து, சத்தங்களை அணைத்து, கைக்கு எட்டாத இடத்தில் முதுகுக்குப் பின்னால் வையுங்கள்.

மூச்சை எண்ணுவதற்கு விசுத்திமக்கம் தருகிற விதி எளிமையானது. ஐந்துக்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் போகக் கூடாது, இடையில் அறுக்கக் கூடாது. மூன்றுக்கும் காரணம் சொல்கிறது. ஐந்துக்குள் நிறுத்தினால் மனதுக்கு இடம் போதாமல் அது முட்டி மோதும். பத்தைத் தாண்டினால் மனம் மூச்சை விட்டுவிட்டு எண்ணைப் பிடித்துக்கொள்ளும். இடையில் அறுத்தால் முடிந்ததா இல்லையா என்ற சந்தேகம் கிளம்பும். பழகுகிறவர்கள் ஒன்றிலிருந்து ஐந்து வரை, அடுத்த சுற்றில் ஆறு வரை, பிறகு ஏழு வரை என்று பத்து வரை ஏறி, மறுபடி ஐந்துக்கு வருவார்கள். இப்படி மாறிக்கொண்டே இருப்பதில் ஒரு வசதி உண்டு: வெறும் பழக்கத்தில் எண்ண முடியாது, எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்று நினைவு வைத்தே ஆகவேண்டும்.

எப்படி எண்ணுவது என்பதற்கு அந்த நூல் நெல் அளக்கிறவரைக் காட்டுகிறது. அவர் நாழியை நிரப்பி, "ஒன்று" என்று சொல்லிக் கொட்டுகிறார். மறுபடி நிரப்பும்போது ஏதாவது குப்பையைக் கண்டால், அதை எடுத்து எறிந்துகொண்டே "ஒன்று, ஒன்று" என்கிறார். வெட்டு மெஷின் வருவதற்கு முன்னர் களவெட்டியில் நெல் அளந்ததைப் பார்த்த எங்கள் பெரியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பதர் வந்ததற்காக அவர் அளப்பதை நிறுத்துவதில்லை, இது எப்படி வந்தது என்று பதரோடு வழக்குப் பேசுவதுமில்லை. கை அதை எறிகிறது, வாய் எண்ணை விடாமல் வைத்திருக்கிறது. எண்ணும்போது குறுக்கே வருகிற நினைப்பை இந்த அளவுக்குத்தான் கணக்கெடுக்க வேண்டும்.

செய்முறை: மூச்சு வெளியே போய் முடிகிற இடத்தில் மனதுக்குள் "ஒன்று" சொல்லுங்கள். அடுத்த மூச்சு உள்ளே வந்து, வெளியே போய், முடிகிற இடத்தில் "இரண்டு". எண் தவறிவிட்டால் மறுபடி ஒன்று. திடீரென்று பார்க்கும்போது பதினாலில் நிற்கிறீர்களா? எண் மட்டும் தன்பாட்டில் ஓடுகிறது, மூச்சை எப்போதோ விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கும் ஒன்றிலிருந்து தொடங்குவதே மருந்து. பல சுற்று தடங்கல் இல்லாமல் ஓடுகிற நாட்கள் வரும். அப்போது எண்ணுவதே ஒரு பேச்சாகத் தோன்றத் தொடங்கும். அந்தக் கட்டத்தில் எண்ணை விட்டுவிட்டு மூச்சுப் படுகிற இடத்தில் மட்டும் நில்லுங்கள். நீண்ட மூக்குள்ளவருக்கு மூக்கு நுனியிலும் குட்டை மூக்குள்ளவருக்கு மேலுதட்டிலும் படும் என்று புத்தகோசர் எழுதியிருக்கிறார். எவ்வளவு பேரின் மூக்கைப் பார்த்திருப்பாரோ! மூச்சின் பின்னாலேயே நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் போய்வர வேண்டாம். அலைச்சல் கூடும்.

தடிமன் பிடித்திருந்தால் மூக்கை விட்டுவிட்டு வயிறு எழும்புவதையும் தாழ்வதையும் கவனிக்கலாம். பர்மிய ஆசிரியர் மகாசி சயாதோ பரப்பிய முறை அது. 1956இல் தொடங்கிய கந்துபொட தியான நிலையத்தில் இந்த முறைதான். இரண்டையும் ஒரே இருப்பில் மாற்றி மாற்றிச் செய்வது கூடாது. ஒன்றைத் தெரிவுசெய்தால் சில மாதம் அதிலேயே நில்லுங்கள்.

கவனிக்கத் தொடங்கியதுமே மூச்சு செயற்கையாகிவிடுகிறது, நெஞ்சு இறுகுகிறது என்பது எல்லோரும் சொல்கிற முறைப்பாடு. தானாக நடக்கிற ஒன்றின்மேல் கவனம் விழுந்தால் அதைக் கையில் எடுத்து நடத்தப் பார்ப்பது மனதின் இயல்பு. வெளிமூச்சை மட்டும் கவனியுங்கள். அது முடிந்த பிறகு உள்மூச்சை எடுக்காதீர்கள், வரும்வரை பொறுத்திருங்கள். அது வராமல் விடாது. இறுக்கம் அப்போதும் விடாவிட்டால் ஐந்து நிமிடம் கால் பாயில் படுவதைக் கவனித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இதற்கு நேரெதிரான சிக்கல் கொஞ்சம் பழகிய பின்னர் வரும். மூச்சு நுணுகி நுணுகி, இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் போகும். சிலர் பயந்து பெருமூச்சு விடுவார்கள், சிலர் எழும்பிவிடுவார்கள். விசுத்திமக்கம் இந்த இடத்தில் எழும்பிப் போகாதே என்கிறது. யாருக்கு மூச்சு இல்லை என்று யோசிக்கச் சொல்கிறது: தாய் வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு, நீரில் மூழ்கியவருக்கு, நினைவற்றவருக்கு, செத்தவருக்கு, நாலாம் தியானம் போன்ற உயர்நிலைகளை எட்டியவருக்கு. நீ இவர்களில் ஒருவனும் இல்லை, ஆகவே மூச்சு இருக்கிறது, உன் கவனம்தான் அவ்வளவு கூர்மையாகவில்லை. வழக்கமாகப் படுகிற இடத்தில் கவனத்தை வைத்துக் காத்திருந்தால் அது திரும்பத் தெரியவரும்.

நித்திரை. மத்தியானம் சோறும் எருமைத் தயிரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் புத்தரே வந்து பக்கத்தில் இருந்தாலும் தலை விழும். இரண்டு மூன்று மணித்தியாலம் விடுங்கள். மற்ற நேரத்துத் தூக்கத்துக்கு, தூங்கி வழிந்த மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன ஏழு உபாயங்கள் அங்குத்தர நிகாயத்தில் உள்ளன. தூக்கம் வந்தபோது மனதில் இருந்த விஷயத்தை மாற்று. கேட்ட தர்மத்தை யோசித்துப் பார். அதை வாய்விட்டு ஓது. காதுமடல்களை இழுத்து, கைகால்களைத் தேய். எழும்பிக் கண்ணைக் கழுவி வானத்து நட்சத்திரங்களைப் பார். வெளிச்சத்தை மனதில் கொண்டுவா. முன்னும் பின்னும் நட. எதுவும் சரிவராவிட்டால், எழும்பவேண்டும் என்ற நினைப்போடு வலப்பக்கமாகச் சரிந்து படு. நாலாவதும் ஐந்தாவதும் எங்கள் காலநிலைக்கு நன்றாக வேலை செய்யும். விடியப்புறக் கிணற்றுத் தண்ணீரை முகத்தில் அடித்த பிறகும் தூக்கம் நின்றால், ராத்திரி போதிய அளவு படுக்கவில்லை என்பதே பொருள்.

சத்தம் பற்றி அதிகம் கவலைப்படுகிறார்கள். கோயில் ஒலிபெருக்கி, பாங்கு, பான் ஆட்டோவின் பாட்டு, நாய், அடுத்த வளவில் தேங்காய் துருவுகிற ஓசை. இவற்றில் எல்லாமே ஒரே அளவில் குழப்புவதில்லை, கவனித்துப் பாருங்கள். சடங்கு நாளில் பறையும் உடுக்கும் எவ்வளவு பெரிதாக ஒலித்தாலும் சில நிமிடத்தில் மனம் அதோடு ஒத்துப்போய்விடும். மனப்பாடமான பக்திப்பாட்டு ஒன்று தூரத்திலிருந்து சன்னமாகக் கேட்டாலே போச்சு. அடுத்த அடியை உள்ளே நாங்களே பாடத் தொடங்கிவிடுவோம். "மனே, தேத்தண்ணி ஆறுது" என்று குசினியிலிருந்து வரும் குரலும் அப்படித்தான். இழுப்பது ஓசை இல்லை, சொல். சொல் காதில் விழுந்ததும் உள்ளே பதில் சொல் பிறக்கிறது. இதற்குச் செய்யக்கூடியது, "கேட்கிறது, கேட்கிறது" என்று ஓரிரு தடவை மனதில் குறித்து, சொல்லின் பொருளை விட்டுக் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் கேட்பது. அடங்கியதும் மூச்சுக்குத் திரும்புங்கள். காதில் பஞ்சு வைத்தால் சொந்த நெஞ்சுத் துடிப்பு பெரிதாகக் கேட்கும், அது இன்னொரு தொல்லை. தேத்தண்ணி விஷயத்துக்கு வேறு தீர்வு: இருக்கப்போவதற்கு முன்னரே அம்மாவிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள்.

மூச்சுக்குத் திரும்பத் திரும்ப வந்தாலும் ஒரே நினைப்பு விடாமல் பிடித்திழுக்கிற நாள் உண்டு. மஜ்ஜிம நிகாயத்தின் இருபதாம் சூத்திரம் அதற்கு ஐந்து வழிகளை வரிசையாகத் தருகிறது. முதலாவது, அந்த நினைப்புக்கு எதிரான நல்ல நினைப்பை வைப்பது. கோபமென்றால் மைத்திரி, அதாவது எல்லோர்மேலும் நல்லெண்ணம். அது பலிக்காவிட்டால், இதைத் தொடர்ந்தால் என்ன கெடுதி என்று பார்ப்பது. அதுவும் பலிக்காவிட்டால், கண்டுகொள்ளாமல் விடுவது. நாலாவது, அந்த நினைப்பைக் கிளப்புவது எது என்று பார்த்துப் படிப்படியாகத் தணிப்பது. கடைசிதான் பல்லைக் கடித்து, நாக்கை அண்ணத்தில் அழுத்தி, மனதை மனதாலேயே அமுக்குவது. எங்கள் ஆட்கள் ஐந்தாவதிலிருந்து தொடங்குகிறார்கள். தலையிடிதான் மிச்சம்.

நாலாவதைக் கொஞ்சம் கிட்டப் பார்க்கலாம். சூத்திரத்தில் வேகமாக நடக்கிற ஒருவன், ஏன் இவ்வளவு வேகம் என்று யோசித்து மெதுவாக நடக்கிறான், பிறகு நிற்கிறான், இருக்கிறான், படுக்கிறான். இதை எங்கள் ஊர்க் கவலையொன்றில் வைத்துப் பாருங்கள். கிழக்கில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும். மூத்த மகளின் வீடு லிண்டல் மட்டத்தோடு நிற்கிறது. பாயில் இருந்ததும் உள்ளே ஓடுவது மேசனோடு ஒரு சண்டை: "நேற்று வாறன் எண்டு சொல்லிப்போட்டு ஏன் வரல்ல?" அந்த வசனம் பத்துத் தடவை ஓடும். இது எதிலிருந்து கிளம்புகிறது என்று ஒரு தடவை மட்டும் கேளுங்கள். அடியில் எடுத்த கடன் இருக்கும். அதற்கும் அடியில் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற பயம். அதற்கும் அடியில் சொல் எதுவும் இல்லை, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஓர் இறுக்கம் மட்டும். அந்த இறுக்கத்தில் சில மூச்சு நேரம் இருந்தால், மேலே ஓடிய வசனங்கள் ஒவ்வொன்றாகத் தளரும். மேசன் வரப்போவதில்லை, கடனும் குறையாது. ஆனால் சண்டை நடத்த உள்ளே ஆள் இருக்காது. ஒரு தடவைக்கு மேல் கேட்டால் அதுவே ஆராய்ச்சியாகி, பேச்சு இன்னொரு வாசலால் வந்துவிடும். இங்கேதான் படித்தவர்கள் வழுக்குகிறார்கள்.

நடைத் தியானத்தைச் சிலர் இளப்பமாக நினைக்கிறார்கள். நடந்து பெற்ற ஒருமுகம் நீண்ட நேரம் நிலைக்கும் என்பது அங்குத்தர நிகாயம் சொல்லும் ஐந்து பலன்களில் ஒன்று, உண்டது செமிக்கும் என்பது இன்னொன்று. வளவில் பதினைந்து இருபது அடி வைக்கக்கூடிய நேர்ப்பாதை போதும். வெறுங்கால். பார்வை நாலைந்து அடி முன்னே நிலத்தில். முதலில் வலம், இடம் என்று மட்டும் குறியுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு தூக்குதல், நகர்த்தல், வைத்தல். பாதையின் முடிவில் நின்று, நிற்பது தெரிந்த பிறகு திரும்புங்கள். மனம் நழுவுவது பெரும்பாலும் இந்தத் திருப்பத்தில்தான். கல்லடிக் கடற்கரையிலும் திருக்கோவில் பக்கத்திலும் ஈரமணல் நல்ல இடம். வீதியோரம் வேண்டாம், நாய்கள் துரத்தும்.

ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். யுத்தத்தையும் 2004 டிசம்பர் 26 சுனாமியையும் உடம்பில் சுமந்துகொண்டு வாழ்கிறவர்கள் இங்கே ஏராளம். கண்ணை மூடி உடம்புக்குள் கவனத்தைத் திருப்பும்போது அந்தக் காட்சிகள் சிலருக்கு அப்படியே திரும்பி வரும். மூச்சு முட்டும், கை நடுங்கும். "பொறுத்துக்கொண்டு இரு, கழிந்து போகும்" என்று அவர்களுக்குச் சொல்வது தவறு. கண்ணைத் திறக்க வேண்டும், எதிரே தெரிகிற ஐந்து பொருட்களின் பேரைச் சொல்ல வேண்டும், எழும்பி நடக்க வேண்டும். அன்றைக்கு அதோடு போதும். அடுத்த நாள் இருந்தால் கண் திறந்தபடி ஐந்து நிமிடம், கவனம் பாதத்தில், அல்லது நடை மட்டும். அடிக்கடி வந்தால் தியானத்தை ஒத்திவைத்துவிட்டு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகலாம், 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கும் அழைக்கலாம். மருந்து எடுக்கிறவர்கள் தியானம் பழகுகிறோம் என்று மருந்தை நிறுத்தவே கூடாது.

வீட்டில் ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தவர்கள் ஒரு நீண்ட முகாமுக்குப் போகலாம். அம்பாறை மாவட்டத்தில் பாணமைக்கும் உகந்தை முருகன் கோயிலுக்கும் இடையில் குடும்பிகல ஆரண்யம் இருக்கிறது. மழைநீர் உள்ளே வழியாதபடி நெற்றியில் வரி வெட்டிய பழைய துறவிக் குகைகள் அங்கே நிறைய. அது துறவிகள் வசிக்கிற இடம், சுற்றுலாவாகக் கூட்டமாய்ப் போய்ச் சத்தம் போடவேண்டாம். தமிழில் வழிகாட்டல் வேண்டுமென்றால் எஸ். என். கோயங்கா பரப்பிய விபஸ்ஸனா தியான முறையின் பத்து நாள் முகாம் வசதியானது, அதன் அறிவுறுத்தல்கள் தமிழ் ஒலிப்பதிவிலும் உண்டு. இலங்கையில் பேராதனைப் பக்கத்து மலையில் தம்மகூட நிலையம் இருக்கிறது. விடியப்புறம் நாலு மணிக்கு மணியடிப்பார்கள், நாளுக்குப் பத்து மணித்தியாலம் வரை இருக்கவேண்டும். முதல் மூன்று நாள் மூச்சு மட்டும், நாலாம் நாளிலிருந்து உடம்பின் உணர்வுகள், பத்தாம் நாள் மைத்திரி. அதுவரை பேச்சில்லை, போன் இல்லை, புத்தகமும் பேனையும் இல்லை. கட்டணம் கேட்பதில்லை, முடித்தவர்கள் விரும்பினால் தானம் கொடுக்கலாம். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பலருக்கு மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட வேண்டும்போல இருக்கும். விண்ணப்பப் படிவத்தில் உளநலம் பற்றிய கேள்விகளுக்கு உள்ளதை உள்ளபடி எழுதுங்கள், தமிழ் ஒலிப்பதிவு வேண்டும் என்பதையும் அப்போதே குறிப்பிட்டுவிடுங்கள். அங்கே போன பிறகு கேட்பதற்கு வாய் திறக்க முடியாது.